ரெமிஜியஸும் தண்ணீரில் கிடந்த பலகையும்

கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் முந்நூறு கிலோமீட்டர் தாண்டினால்தான் பெங்களூர்க்காரனுக்குக் கடல். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, ஒன்பது வருஷம் ஒரு பழைய படகின் பலகையைக் காவல் காத்தவர் ரெமிஜியஸ். அவருக்கு நீச்சல் தெரியாது. கடலைப் பார்த்ததெல்லாம் வேளாங்கண்ணியில்தான். அதுவும் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, மனைவி டோரதியின் கையைப் பிடித்துக்கொண்டு, அலை வரும்போது இரண்டடி பின்னால் நகர்கிற ரகம்.

பிறந்தது நீலசந்திராவில். பி.யு.சி.யில் கணக்கு காலை வாரிவிட்டதும், அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஆடுகோடியில் ஒரு பைபர் பட்டறையில் விட்டார். தண்ணீர்த் தொட்டி, ஆசிட் தொட்டி, மீன்காரர்களுக்கு ஐஸ் பெட்டி என்று முப்பது வருஷம் அதிலேயே போயிற்று. பைபர் தூள் போட்ட அரிப்பும், பசையின் நாற்றமும் அவர் உடம்போடு வந்தவை என்றுதான் டோரதி கல்யாணமான புதிதில் நினைத்தாளாம். அவள் கல்யாணத்துக்கு முன்னாலேயே ஒரு சத்தியம் வாங்கியிருந்தாள். பட்டறையில் ஆயுதபூஜை அன்று மற்ற பையன்களோடு சேர்ந்து இவரும் நெற்றி நிறையக் குங்குமத்தோடு டெம்போவில் ஊர்வலம் போனதைக் மாதா கோயில் வாசலில் நின்றிருந்த அவளுடைய அப்பா பார்த்துவிட்டார். சம்பந்தமே முறிந்துபோகிற மாதிரி ஆயிற்று. "கற்பூரம் ஏத்துற எடத்துல இனிமே நான் நிக்க மாட்டேன்" என்று மாதா சுரூபத்துக்கு முன்னால் சொன்ன பிறகுதான் கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். சொன்ன சொல்லை ரெமிஜியஸ் காப்பாற்றினார். எதைக் காப்பாற்றினாரோ இல்லையோ, அதைக் காப்பாற்றினார்.

ஆனால் பூஜையில் கொடுக்கிற பொரியும் கடலையும் மட்டும் சாப்பிடுவார். அது டோரதிக்குத் தெரியாது.

பலகை அவர் வாழ்க்கைக்குள் வந்தது அவருடைய நாற்பத்தெட்டாவது வயதில். ஓசூர் ரோட்டுப் பக்கம் மரங்களைச் சோதனை செய்கிற ஓர் ஆராய்ச்சிக்கூடம் பட்டறையில் ஒரு தொட்டி கேட்டது. பதினாலடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி ஆழம். "இதுல என்ன சார் வைப்பாங்க, முதலையா?" என்று கேட்டுக்கொண்டேதான் ரெமிஜியஸ் அதைச் செய்தார். கொண்டுபோய் இறக்கிய அன்றே ஒரு மூலையில் கசிந்தது. அதை அடைக்கப் போனவர் மூன்று நாள் அங்கேயே இருக்க வேண்டியதாயிற்று. மூன்றாம் நாள், ஈரச் சாக்கும் பஞ்சும் சுற்றி, பாலிதீனில் கட்டி, ஒரு நீளமான மூட்டை லாரியில் வந்து இறங்கியது. அதோடு வந்தவர் சங்கமித்ரா. தண்ணீருக்கு அடியில் கிடக்கும் பழைய பொருள்களை ஆராய்கிற பெண். தஞ்சாவூர்ப் பக்கம். வெயிலில் கறுத்து, உதடு வெடித்து, ஏதோ ஐ.சி.யூ.வுக்கு ஆளைத் தூக்கி வருகிறவர்போலக் கத்திக்கொண்டே வந்தார்.

"மெதுவா! மெதுவா! அது மரமில்லைங்க, தண்ணி. மரம் மாதிரி நின்னுக்கிட்டிருக்கிற தண்ணி!"

தூக்க ஆள் போதவில்லை. ரெமிஜியஸும் ஒரு பக்கம் பிடித்தார். தொட்டிக்குள் இறக்கி, சாக்கைப் பிரித்ததும் அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பதின்மூன்றடியில் ஒரு கறுத்த பலகை, அவ்வளவுதான். பிறகு சங்கமித்ரா அதன் ஓரத்தைக் காட்டினார். வரிசையாகத் துளைகள். அந்தப் படகில் ஆணியே கிடையாது. பலகையோடு பலகையைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்திருக்கிறார்கள். எல்லாத் துளையும் வெறுமையாக இருந்தது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றில் மட்டும் கயிறு இருந்தது, முடிச்சோடு.

"சோதனைக்கு அனுப்பிப் பார்த்தோம். சுமார் எண்ணூறு வருஷம்னு வந்திருக்கு" என்றார் சங்கமித்ரா. "அன்னிக்கு யாரோ ஒருத்தர் இழுத்துக் கட்டினது. இன்னும் அவிழல."

ரெமிஜியஸ் குனிந்து பார்த்தார். தொழில் தெரிந்தவன் போட்ட முடிச்சு என்று அவருக்குத் தெரிந்தது. வேலையை ஒழுங்காகச் செய்கிறவன் எந்தக் காலத்திலும் ஒரே மாதிரிதான் செய்வான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அடுத்த மாதம் பட்டறையை விட்டுவிட்டு, ஒப்பந்த டெக்னீஷியனாக அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். "தொட்டி செய்றதை விட்டுட்டுத் தொட்டிக்குக் காவலா?" என்று டோரதி தலையில் அடித்துக்கொண்டாள்.

பலகையின் கதையைச் சங்கமித்ரா துண்டு துண்டாகச் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். மேற்குக் கரையில் ஓர் ஆறு கடலோடு சேருகிற இடம். மணல் அள்ளுகிறவர்களின் இயந்திரத்தில் ஒருநாள் மரத்துண்டு சிக்கியது. சங்கமித்ராவின் ஆட்கள் முக்குளித்துப் பார்த்தார்கள். சொந்தக் கையே கண்ணுக்குத் தெரியாத கலங்கலில், தடவித் தடவியே பார்த்ததில், சேற்றுக்குள் ஒரு முழுப் படகு படுத்திருந்தது. அதை வெளியே எடுக்கவே கூடாது என்பதுதான் அந்த அம்மாவின் கட்சி. சேற்றுக்குள் காற்றுப் படாமல் இருக்கிறவரை அதற்கு ஒன்றும் ஆகாது. இன்னும் ஆயிரம் வருஷம்கூடக் கிடக்கும். மணல் அள்ளுவதை நிறுத்தச் சொல்லி எழுதினார்கள். பதில் வரவில்லை. முடிந்ததைக் காப்பாற்றுவோம் என்று ஒரு பலகையை மட்டும் எடுத்து, மீதிப் படகை மணல்மூட்டை போட்டு மூடி, கரையில் ஓர் எச்சரிக்கைப் பலகை நட்டுவிட்டு வந்தார்கள். மறுவருஷம் போனால் அந்த எச்சரிக்கைப் பலகையும் இல்லை, மூட்டைகளும் இல்லை, படகும் இல்லை. ஆறே அந்த இடத்தில் இருபதடி ஆழமாகியிருந்தது.

ஆக, அந்தப் படகில் உலகத்தில் மிச்சம் இருந்தது ரெமிஜியஸின் தொட்டியில் கிடந்த பலகை ஒன்றுதான்.

அதை வெளியே எடுத்து உலர்த்திவிட முடியாது. இத்தனை காலம் ஊறிய மரத்தின் உள்ளே சத்து எல்லாம் கரைந்து, வெறும் தண்ணீர்தான் அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் போனால் மரம் சுருங்கி, முறுக்கி, வெடித்துவிடும். அப்புறம் எத்தனை நாள் ஊறவைத்தாலும் பழைய உருவம் வராது. முதலில் உப்பை வெளியேற்ற வேண்டும். பிறகு தண்ணீரில் கரைகிற ஒருவகை மெழுகைக் கொஞ்சம் கொஞ்சமாக மரத்துக்குள் ஏற்ற வேண்டும். தண்ணீர் இருந்த இடத்தில் மெழுகு உட்கார்ந்த பிறகுதான் உலர்த்தலாம். உப்பு வெளியேற இரண்டு வருஷம் போதும் என்றார் சங்கமித்ரா. இரண்டு வருஷத்தில் அது வெளியேறியும் விட்டது. மெழுகுதான் வரவில்லை. கோப்பு டெல்லிக்குப் போனது, திரும்பியது, ஒரு கையெழுத்து குறைகிறது என்று மறுபடி போனது. அப்படியே ஏழு வருஷம்.

அந்த ஏழு வருஷமும் ரெமிஜியஸ் தண்ணீர் மாற்றினார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை. வடிகட்டிய தண்ணீர்தான், குழாய்த் தண்ணீர் ஆகாது. பாசி பிடிக்காமலிருக்கக் கறுப்பு ஷீட், அதன்மேல் அவரே செய்த பைபர் மூடி. தண்ணீரில் உப்பு அளக்கிற மீட்டரை விட்டுப் பார்த்து நோட்டில் எழுதுவார். ஒருமுறை டெங்கு ஒழிப்புக்கு வந்த மாநகராட்சி ஆள் ஒருவன், "நின்ன தண்ணி, கொசு முட்டை வைக்கும்" என்று மருந்து பாட்டிலோடு தொட்டியை நெருங்கிவிட்டான். ரெமிஜியஸ் மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். இறங்கவே இல்லை. அவன் கடைசியில் இவர் தலையில்தான் மருந்தை ஊற்ற வேண்டும்போல என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

இந்த மனுஷன் செய்த தப்பு என்ன என்று கேட்டால், ஒழுங்காக வேலை செய்ததுதான்.

மழை பொய்த்த அந்த வருஷம், அக்டோபரில், ஒருவழியாக மெழுகு வந்து சேர்ந்தது. பன்னிரண்டு நீல டிரம்கள் வராந்தாவில் வரிசையாக நின்றன. சங்கமித்ரா கடற்கரையிலிருந்து போன் போட்டுச் சின்னப் பெண் மாதிரி கூவினார்.

"ரெமி, புதன்கிழமை நான் வந்துடுவேன். அன்னிக்கே ஆரம்பிச்சுடலாம். தொட்டியைக் காலி பண்ணிக் கழுவி வைக்க முடியுமா?"

"பண்ணிடலாம் மேடம். பலகையை வெளிய எடுத்து, வந்தப்போ சுத்தியிருந்த மாதிரியே சுத்தி வச்சிடறேன். ஒரு வாரம்னாலும் தாங்கும்."

"தெரியும். நீங்க சுத்தினா தாங்கும்."

வெள்ளிக்கிழமை காலையிலேயே தொட்டியை வடித்தார். நாலு பேரை வைத்துப் பலகையை மரத் தாங்கிமேல் இறக்கி, பஞ்சு, அதன்மேல் ஈரச்சாக்கு, அதன்மேல் பாலிதீன், அதன்மேல் கயிறு என்று கட்டினார். முடிச்சு இருந்த இடத்தில் மட்டும் இரண்டு சுற்று பஞ்சு கூடுதல். தொட்டியைத் தேய்த்துக் கழுவியாயிற்று. இனி வடிகட்டி நிரப்பத் தண்ணீர் வர வேண்டும். கூடத்தின் போர்வெல் ஆகஸ்டிலேயே வற்றிவிட்டது; சந்தாபுராவிலிருந்து உத்தமன் ஓட்டி வருகிற டேங்கர்தான் கதி. மத்தியானம் ஒரு மணிக்கு வருவதாகச் சொன்ன உத்தமன் பன்னிரண்டுக்குப் போன் செய்தான்.

"ரெமி அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஓனர் வண்டியக் கழுவி, வாழக்கன்னு கட்டி நிறுத்திட்டாரு. பூஜைக்கு வெச்ச வண்டிய எடுக்கக் கூடாதாம். புதன்கிழமதான்."

ரெமிஜியஸ் யோசித்தார். ஆயுதபூஜையும் விஜயதசமியும் திங்களும் செவ்வாயும் வந்தன. சனி ஞாயிறையும் சேர்த்தால் நாலு நாள் லீவு. கட்டு ஒரு வாரம் தாங்கும். இருந்தாலும் மனசு கேட்காமல் வேறு டேங்கர் கிடைக்குமா என்று ரோட்டோடு நடந்தார். பார்த்த லாரி எல்லாம் மாலையும் பொட்டுமாக மாப்பிள்ளைக் கோலத்தில் நின்றுகொண்டிருந்தது. டிரைவர்கள் எலுமிச்சம்பழம் வாங்கப் போயிருந்தார்கள்.

அவர் திரும்பி வரும்போது மணி மூன்று. கூடத்தில் பூஜை நடந்துகொண்டிருந்தது. லீவுக்கு முந்தின வெள்ளிக்கிழமையே ஆபீஸ் பூஜையை முடித்துவிடுவது இந்த ஊர் வழக்கம். மர அறுவை இயந்திரங்களும் பலகைத் தொட்டியும் ஒரே ஹாலில்தான். ஒவ்வொரு வருஷமும் அங்கேதான் பூஜை. தொட்டியின் வெளிப்பக்கம் மூன்று பொட்டு விழும், லீவு முடிந்து வந்து ரெமிஜியஸ் துடைப்பார். அவர் வழக்கம்போல சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக நின்றுகொண்டார். மணி அடித்தது. கற்பூர வாசனை வந்தது. வாசலில் பூசணிக்காய் உடைந்து, குங்குமத் தண்ணீர் படியெல்லாம் சிதறியது.

கூட்டிப் பெருக்குகிற ரத்தினம்மாள் பொரிப் பொட்டலத்தோடு வந்தாள். ஆம்பூர்க்காரி, நீலசந்திராவில் இவருக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. புருஷன் இல்லை. காலையில் இருவரும் ஒரே பஸ்.

"இந்தாண்ணா. வெல்லம் தூக்கலா போட்டிருக்கேன்."

"பலகை பத்திரமா இருக்கா ரத்னம்மா?"

"அதுக்கென்னாண்ணா. ஜம்முனு இருக்குது. உள்ள வந்து பாருங்களேன், நீங்கதான் வரமாட்டீங்களே."

ரெமிஜியஸ் வாசலைப் பார்த்தார். படியில் கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே எட்டிப்பார்க்க வேண்டுமானால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். அணைந்ததும் போகலாம் என்று நின்றார். அதற்குள் சூப்பரிண்டெண்ட் பத்ரிநாத் வாட்சைப் பார்த்தபடி வந்து, கதவை இழுத்துப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். மண்டியா ரயிலைப் பிடிக்கிற அவசரம் அவருக்கு. இவருடைய ஒப்பந்தத்தை ஏப்ரலுக்கு ஏப்ரல் நீட்டிக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான்.

"சார், ஒரு நிமிஷம்..."

"என்ன ரெமி, எல்லாம் ஆயித்து. புதன்கிழமை பார்த்துக்கலாம். ஹப்பத ஷுபாஷய!" என்று கன்னடத்தில் பண்டிகை வாழ்த்துச் சொல்லிவிட்டு நடந்தார்.

ரெமிஜியஸ் பொரியைத் தின்றுகொண்டே பஸ் ஏறினார்.

சனிக்கிழமை ஒன்றும் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. திங்கட்கிழமை காலையில், கறி வாங்கி வருகிறேன் என்று கிளம்பியவர் ஆராய்ச்சிக்கூடத்துக்கே போய்விட்டார். வாட்ச்மேனிடம் சாவி இல்லை. பூட்டிய ஹாலைச் சுற்றி வந்தார். பின்பக்கச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் 'ங்ங்ங்' என்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்ப்பா, இதை யாரும் நிறுத்தலையா?"

"கற்பூரப் புகை போகட்டும்னு சார் போடச் சொன்னாரு. அப்படியே பூட்டிட்டாங்க. உள்ள போனாத்தானே நிறுத்தறது."

ரெமிஜியஸுக்கு எரிச்சல்தான் வந்தது. மூன்று நாளாகக் கரண்ட் வீண். கட்டிவைத்த பலகையை ஃபேன் ஒன்றும் செய்யாது. அது அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் பத்ரிநாத்துக்குப் போன் போட்டார்.

"ரெமி, பூஜை போட்ட ரூமை நடுவுல திறக்கக் கூடாதுப்பா. உனக்கு அதெல்லாம் தெரியாது. அங்க என்ன ஓடியா போகுது? எண்ணூறு வருஷம் இருந்தது நாலு நாள் இருக்காதா?"

நியாயமாகத்தான் பட்டது. பூட்டு சின்னப் பூட்டு. வாட்ச்மேன் அறையில் இரும்புக் கம்பி ஒன்று சுவரில் சாத்தியிருந்தது. ரெமிஜியஸ் அதையும் பார்த்தார். ஒப்பந்தக்காரன், பண்டிகை நாளில், பூஜை அறைப் பூட்டை, அதுவும் கிறிஸ்தவன் உடைத்தான் என்றால் பேச்சு எங்கே போய் நிற்கும் என்பதையும் நினைத்துப் பார்த்தார். கையை அந்தச் சுவரில் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நின்றார். ஃபேனின் அதிர்வு கையில் தெரிந்தது. பிறகு கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். சுவருக்கு அந்தப் பக்கம் பலகையில் அப்போதுகூடக் கொஞ்சம் ஈரம் மிச்சம் இருந்திருக்கும். இதை நினைத்துத்தான் அவர் இன்றைக்கும் சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிடுகிறார்.

புதன்கிழமை காலை பத்ரிநாத் பூட்டைத் திறந்தார். சங்கமித்ரா நேரே பஸ் ஸ்டாண்டிலிருந்து பையோடு வந்திருந்தார்.

சாக்கும் பாலிதீனும் மூலையில் அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. தாங்கிமேல் பலகை கட்டு எதுவும் இல்லாமல் கிடந்தது. அதன் நெடுகிலும் மூன்று விரல் சந்தனம், ஒவ்வோர் அடிக்கும் ஒரு குங்குமப் பொட்டு, தலைமாட்டில் காய்ந்த சாமந்தி மாலை. கறுத்த மரம் சாம்பல் நிறமாகியிருந்தது. ஒரு முனை கையகலத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு முறுக்கியிருந்தது. பொட்டுகளின் குறுக்கே விரல் நுழைகிற வெடிப்புகள் ஓடின. ஃபேன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

ரெமிஜியஸ் தாங்கியின் பக்கத்தில் குனிந்தார். முடிச்சைத் தேடினார். அந்தத் துளை பிளந்து இரண்டாகியிருந்தது. கீழே தரையில், ரங்கோலிப் பொடிமேல், பழுப்பாக ஒரு சிட்டிகைத் தூள். அதைத் தொட்டார். விரலில் ஒட்டிக்கொண்டது.

சங்கமித்ரா கத்தவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்காமலே தரையில் உட்கார்ந்துவிட்டார். "சேத்துலேயே விட்டிருக்கலாம்" என்றார். பிறகு அவரே, "அங்கேயும் விடமாட்டாங்களே" என்றார்.

ரத்தினம்மாள் கதவோரம் நின்றிருந்தாள். அவளைத் தனியே அழைத்து ரெமிஜியஸ் கேட்டார்.

"சாக்கை ஏன் எடுத்தே?"

"பத்ரிநாத் ஐயாதாண்ணா எடுக்கச் சொன்னாரு. பூஜ நடக்கிற எடத்துல பொணம் கட்டி வெச்ச மாதிரி என்னா இது, எடுன்னாரு. எடுத்தேன். எடுத்தப்புறம் பாத்தா, இருக்கிறதுலேயே அதுதான பெரிய வயசு. எல்லா மெஷினுக்கும் பொட்டு வெச்சுட்டு அத மட்டும் சும்மா விட மனசு வரல. நானே மால வாங்கியாந்து போட்டேன். தப்பாண்ணா?"

தான் அந்தப் படியைத் தாண்டி ஓர் எட்டு உள்ளே வைத்திருந்தால் என்பதே ரெமிஜியஸின் தலைக்குள் சுழன்றுகொண்டிருந்தது. இருபத்தெட்டு வருஷமாகக் காப்பாற்றிய சொல்லை அன்று ஒருநாள் மீறியிருந்தால் எந்த மாதாவும் கோபித்துக்கொண்டிருக்க மாட்டாள்.

விசாரணை பத்து நாள் கழித்து நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். பக்கத்தில் கோப்புகளோடு பத்ரிநாத். ரெமிஜியஸ் எதிரில் உட்கார்ந்தார். தொட்டியை வடிக்கச் சொன்னது நான்தான் என்று சங்கமித்ரா எழுத்தில் கொடுத்துவிட்டார். அதனால் அந்தக் கேள்வி சீக்கிரம் முடிந்தது.

"கட்டியிருந்த சாக்கை எடுத்தது யார்?"

ரெமிஜியஸ் வாயைத் திறந்தார். பத்ரிநாத் அவரை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். ஏப்ரலுக்கு இன்னும் ஐந்து மாதம். ரெமிஜியஸுக்கு வயது ஐம்பத்தேழு. பட்டறையில் இனி யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். இதெல்லாம் ஒரு மூச்சு நேரத்தில் அவருக்குள் ஓடியது.

"ரத்தினம்மா சார். ஹவுஸ்கீப்பிங்."

"யாராவது சொல்லி எடுத்தாங்களா?"

"எனக்குத் தெரியாது சார். நான் உள்ள இல்ல."

உள்ளே இல்லை என்பது உண்மைதான். அந்த ஓர் உண்மையை முன்னால் நிறுத்தி, மற்றொன்றை அதன் பின்னால் ஒளித்துவிட்டார். எழுதிக்கொண்டார்கள். அந்த மாத முடிவில் ரத்தினம்மாளை வேலைக்கு வர வேண்டாம் என்று ஏஜென்சி சொல்லிவிட்டது. ஏப்ரலில் ரெமிஜியஸின் ஒப்பந்தத்தில் பத்ரிநாத் கையெழுத்துப் போட்டார், வழக்கத்தைவிட ஒரு வாரம் முன்னதாகவே.

பலகையைத் திரும்பத் தொட்டியில் போட்டார்கள். பதிவேட்டில் எண் இருக்கிற பொருள். தணிக்கை முடிகிறவரை தூக்கிப்போட முடியாது, இருந்தபடியே பராமரிக்க வேண்டும் என்று உத்தரவு. அதனால் ரெமிஜியஸ் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றுகிறார். மீட்டரை விட்டுப் பார்க்கிறார். நோட்டில் எழுதுகிறார். மெழுகு டிரம்கள் வராந்தாவில் சீல் உடையாமல் நிற்கின்றன. வாட்ச்மேன் அவற்றின்மேல் டிபன் பாக்ஸ் வைக்கிறான். சங்கமித்ரா வேறு ஊருக்குப் போய்விட்டார். இப்போது ஊர் ஊராகப் போய், எதையும் வெளியே எடுக்காதீர்கள், தண்ணீருக்கு அடியிலேயே காவல் போடுங்கள் என்று பேசுகிறாராம். போன கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்பியிருந்தார். பலகையைப் பற்றி ஒரு வரி இல்லை.

காலை பஸ்ஸை ரெமிஜியஸ் அரை மணி முன்னதாகப் பிடிக்கத் தொடங்கினார். ரத்தினம்மாள் தெரு வழியாகப் போவதையும் விட்டுவிட்டார். டோரதி காரணம் கேட்டபோது நடை நல்லது என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னார்.

ஆனால் நீலசந்திரா என்ன பெரிய ஊரா? மறுவருஷ ஆயுதபூஜைக்கு இரண்டு நாள் முன்னால், மார்க்கெட் திருப்பத்தில் ரத்தினம்மாள் பூசணிக்காய் குவித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் போகலாம் என்று பார்ப்பதற்குள் குரல் வந்துவிட்டது.

"ரெமி அண்ணா! என்னாண்ணா, ஆளே மாறிட்டீங்க? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"இல்ல ரத்னம்மா. நல்லாத்தான் இருக்கேன். நீ?"

"இருக்கேன். வூட்டு வேல ரெண்டு பாக்கறேன். சீசனுக்கு இது." கையைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பலக சரியாயிடுச்சாண்ணா?"

"தண்ணியிலதான் இருக்கு."

"அப்பாடா. தண்ணி ஊறுனா சரியாயிடும்னு நான் அப்பவே நெனச்சேன். வேண்டாத நாளில்ல." அவள் பொரிப் பையிலிருந்து ஒரு பொட்டலம் கட்டினாள். "என்னை எதுக்கு நிறுத்துனாங்கன்னு ஏஜென்சில கேட்டேன். ஆபீஸ்ல எவனோ என் பேரைச் சொல்லிட்டான்னாங்க. அந்தப் பத்ரிநாத் ஐயாவாத்தான் இருக்கும். எடுன்னு சொன்னதும் அவரு, எம்மேல போட்டதும் அவரு. போவட்டும். அன்னிக்கு அந்த ரூம்ல நீங்க இருந்திருந்தா எனக்காக ரெண்டு வார்த்த பேசியிருப்பீங்க. அது எனக்குத் தெரியும்ணா."

ரெமிஜியஸ் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் ஒருத்தர் பூசணிக்காய் கேட்டு வந்துவிட்டார். அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். பொட்டலத்தை மட்டும் இவர் கையில் திணித்தாள். வெல்லம் தூக்கலாகப் போட்டிருப்பதாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை கூடத்தில் பூஜை. இந்த முறை ரெமிஜியஸ் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. ஹாலுக்குள்ளேயே, தொட்டி மூடிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். பத்ரிநாத் ஆச்சரியமாகப் பார்த்து, சந்தோஷமாகத் தலையாட்டினார். கற்பூரம் ஏற்றினார்கள், மணி அடித்தார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். எல்லோரும் பொரி வாங்கிக்கொண்டு போகிறவரை அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேனைத் தன் கையாலேயே நிறுத்தினார். மூடியைத் தூக்கி, தண்ணீர் நிறைய இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. மூடிவிட்டுக் கிளம்பினார்.

ரத்தினம்மாள் கொடுத்த பொரி அவர் பையிலேயே இருந்தது. வீட்டில் டோரதி அதை எடுத்து, என்ன இது என்று கேட்டாள். இத்தனை வருஷமாகத் தின்று வந்ததை அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டார். மற்றதைச் சொல்லவில்லை.